வாசகர் கேள்வி பதில்: தோட்டத்துப் பாட்டிக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: எங்கள் பாட்டி சென்ற மாதம் தம் 95ஆம் வயதில் காலமானார். 1937இல் சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெற்றோருடன் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடச் சென்ற அவருடைய தந்தை திரும்பவே இல்லை. பாட்டி தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். 1970இல் அவருடைய தம்பி குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தகரப்பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் ஒன்றும் இருந்தது. நினைவு மலருக்காக என் மாமா எழுதித் தந்த பக்கத்தில் 'தியாகத்தின் திருவுருவம், துன்பத்தின் வடிவம்' என்றெல்லாம் இருக்கிறது. அதைப் படித்தால் எங்கள் பாட்டியின் முகமே தெரியவில்லை. என்ன எழுதலாம்?
(வாசகி, கிள்ளான்)

பதில்: உங்கள் மாமாவின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தச் சொற்களை எந்தப் பாட்டியின் படத்துக்குக் கீழும் அச்சிட்டுவிட முடியும். உங்கள் பாட்டி பட்டவற்றை மட்டும் வரிசைப்படுத்தாமல், அவர் எடுத்த முடிவுகளை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். நீங்கள் அனுப்பியுள்ள சில வரிகளிலேயே பெரிய முடிவுகள் இரண்டு இருக்கின்றன.

அவற்றுக்கு வருமுன், 1937. அந்த ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அப்போது தோட்டத்தில் ஆணின் நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மறு ஆண்டே ரப்பர் விலை சரிந்து அந்தக் கூலியும் குறைக்கப்பட்டதால், உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. அந்த வாசல் அடைபடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தவர்களுள் உங்கள் பாட்டியின் குடும்பமும் ஒன்று.

அடுத்து, சயாம். இதை ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1943 அக்டோபருக்குள் ஜப்பானிய இராணுவம் முடித்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற பேச்சை நம்பித் தோட்டங்களிலிருந்து முதலில் ஆட்கள் போனார்கள்; பிறகு பிடித்துக்கொண்டும் போனார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் காட்டிலேயே முடித்துவிட்டன. அந்தப் பாதையோரத்துத் தாய்லாந்து நகரமான காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஊர், பெயர் குறித்த ஓர் அடையாளமும் இல்லை. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இந்த மலரில் முழுமையாக அச்சிடுங்கள். அவர் பெயர் அச்சில் வரும் முதல் இடம் இதுவாகவே இருக்கக்கூடும்.

அவருடைய வேலையையும் எழுதுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டு கலையாத தீம்பாருக்குள் (ரப்பர் காட்டுக்குள்) உளியோடு நுழைந்து, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் மரத்துக்கு மரம் விரைந்து, பிறகு கோப்பைகளில் வடிந்த பாலைச் சேகரித்து வாளிகளில் தூக்கிச் சென்று நிறுவையில் நிற்பது வரை அது தனித் திறமை வேண்டிய தொழில். உளி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும்; மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். இந்த அளவைக் கையில் வைத்திருந்தவரைத் துன்பத்தின் வடிவம் என்று மட்டும் சொல்வது அவருடைய கைத்திறனுக்குச் செய்யும் குறை. கைக்குழந்தைகளை ஆயக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு அவர் போன காலையைப் பற்றி மூத்த பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன விதத்திலேயே பதியுங்கள்.

இனி அந்த இரண்டு முடிவுகள்: இங்கே தங்கியது, பங்கு வாங்கியது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியிருந்தும், எழுத்தறிவும் பத்திரங்களும் இல்லாத எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் அதைத் தவறவிட்டன. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 மே இனக்கலவரத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். தம்பியோடு புறப்படாமல் உங்கள் பாட்டி தங்கியது தற்செயலாக நடந்ததன்று. இரண்டு நாட்டிலும் உறுதியான இடம் இல்லாத நிலையில், பிள்ளைகள் பிறந்த மண்ணை அவர் தெரிந்தெடுத்தார்.

இந்த முடிவுக்குத் தகரப்பெட்டியில் இருந்த பங்குப் பத்திரமே சாட்சியாக இருக்கலாம். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்ற காலத்தில், தொழிலாளரே தோட்டம் வாங்கட்டும் என்று மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது ஒரு பங்கு 100 வெள்ளி (மலாயா டாலர்). மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றிருந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்தான் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பத்திரத்தில் அந்தச் சங்கத்தின் பெயர் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1970க்கு முந்தியது என்றால், தம்பி புறப்படுவதற்கு முன்பே பாட்டி இந்த நாட்டு நிலத்தில் பணம் போட்டுவிட்டார் என்று தயங்காமல் எழுதலாம். பத்திரத்தைப் படமெடுத்து மலரின் நடுப்பக்கத்தில் போடுங்கள்.

அவர் பேசாமல் விட்ட விஷயங்களும் இருக்கும். தந்தை போன அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை என்றால், அதைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். 'பாட்டி இதைப் பற்றிப் பேசியதில்லை' என்ற வரியே போதும்.

கேள்வி: அடையாள அட்டையில் பாட்டியின் பிறந்த நாள் 1.1.1930 என்று இருக்கிறது. அவரோ, ஜப்பான்காரன் போன வருஷம்தான் தாம் வயதுக்கு வந்ததாகச் சொல்வார். எதை அச்சிடுவது?
(அதே வாசகி)

பதில்: இரண்டையும் அச்சிடலாம். மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் தொடங்கியது. தேதி தெரியாதவருக்கு எழுத்தர் ஜனவரி முதல் நாளை இட்டிருக்கக்கூடும். ஜப்பானியர் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். அட்டைப்படி அப்போது பாட்டிக்கு 15 வயது. அரிசி அற்றுப்போய் மரவள்ளிக்கிழங்கில் பிழைத்த அந்த ஆண்டுகளில் பெண்பிள்ளைகள் தாமதமாகப் பூப்பெய்தியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்க வேண்டியதில்லை. அட்டைத் தேதியை மேலே போட்டு, அதன் கீழ் பாட்டியின் வாசகத்தை அவர் பேசிய பேச்சிலேயே கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தம்பியின் பிள்ளைகளோடு தொடர்பு இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்பது அந்த வீட்டில் யாருக்காவது நினைவிருக்கலாம்.