ரெண்டு பாஷை தெரிஞ்சவ யார் பக்கம் நிக்கிறது?

கேள்வி: அக்கா, நான் தினமும் ஜீப்புல குமுளி ஏறி ஒரு ஏலக்கா எஸ்டேட் ஆபீஸுக்கு வேலைக்குப் போறேன், மூணு வருஷம் ஆச்சு. எனக்கு மலையாளம் நல்லா வரும்ங்கிறதால மேனேஜர் சார் சொல்றத காய் எடுக்குற நம்ம பொம்பளைங்ககிட்டயும், அவங்க சொல்றத சார்கிட்டயும் நான்தான் சொல்லணும். இப்போ அவரு, அவளுக என்ன பேசிக்கிறாங்கன்னு சாயந்திரம் வந்து சொல்லு மோளேங்கிறாரு. சீனியர் கிளார்க் வேற, எடை போடும்போது சாக்குக்குன்னு 1 கிலோ கழிச்சு எழுதுங்கிறாரு, அது அதிகம்னு எனக்கே தெரியுது. ஜீப்புல நான் ஏறினா பேச்சு நின்னுபோகுது. நான் யார் பக்கம் நிக்கட்டும்?
- பேர் வேண்டாம், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: தாயி, உன் லெட்டர படிச்சதும் எனக்கு லோயர் கேம்ப் தாண்டி வளைவு வளைவா ஏறுற அந்த ஜீப்பே கண்ணுக்கு முன்னாடி வந்துருச்சு, நானும் அந்த ரோட்டுல வருஷக்கணக்கா போய் வந்தவதான். நீ இருக்குற இடத்துலயே நானும் இருந்திருக்கேன், அங்க ஒரு தப்பும் பண்ணிருக்கேன், அத முதல்ல சொல்லிடறேன்.

ஒரு அம்மா நாலு நாள் லேட்டா வந்துச்சு. மேனேஜர் அத நிக்க வச்சுட்டு என்கிட்ட, "ஒரு அவசரம் கூடி கொடுக்காம்"ன்னாரு. மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு, இன்னொரு தடவ வாய்ப்பு கொடுக்கலாம்ங்கிறாரு, நல்ல மனசோட சொன்ன வார்த்தை. ஆனா அந்தம்மா காதுல விழுந்தது "அவசரம்", "கொடுக்காம". ஏதோ அவசரமா கணக்க முடிச்சு கூலி கொடுக்காம அனுப்பப் போறாருன்னு நெனச்சு, அழுதுகிட்டே கீழ போயிருச்சு. நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். பக்கத்துல இருந்த கிளார்க் "உனக்கெதுக்கு, விடு"ன்னாரு, நானும் விட்டேன். ரெண்டு நாள்ல தொழிலாளிங்க குடியிருக்குற லயன் வீடு பூரா, மலையாளத்தான் தமிழாள விரட்டுறான்னு பேச்சு, அங்கிட்டு சார் காதுல, பொம்பளைங்க வேணும்னே வேலைக்கு வரலைன்னு பேச்சு. ரெண்டு பக்கமும் கோபம், நடந்தது என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆளு வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன். இன்னைக்கும் அந்தம்மா முகம் எனக்கு மறக்கல.

அதனால உன் வேலை யார் பக்கம் நிக்கிறதுங்கிறது இல்லம்மா. ஒருத்தர் சொன்ன வார்த்தை இன்னொருத்தர் காதுக்கு உப்பு புளி சேராம போய்ச் சேரணும், அவ்வளவுதான் உன் பொறுப்பு. சார் கோபமா சொன்னா கோபமாத்தான் சொன்னாருன்னு சொல்லு, நீயா இதமா மாத்தாத, நீயா கூட்டவும் செய்யாத. முடிஞ்சா ரெண்டு பேரும் எதிர்ல இருக்கும்போதே சொல்லு, தனித்தனியா கூப்பிட்டு சொல்ற பழக்கத்த விட்டுரு, பாதி அரசியல் அங்கதான் முளைக்குது.

வேவு பாக்கச் சொல்றத பத்தி. அத சண்டையா பண்ணாத, தனியா இருக்கும்போது மரியாதையா சொல்லு, சாரே, வேலை விஷயமா யார் என்ன கேட்டாலும் அவங்க முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடறேன், ஜீப்புல சாப்பாட்டு நேரத்துல பேசுறத கொண்டுவர என்னால ஆகாதுன்னு. முகம் சுளிப்பாரு, ஒரு வாரம் பேச மாட்டாரு, பரவால்ல. இதே சட்டம் அந்தப் பக்கத்துக்கும் இருக்கட்டும், ஆபீஸ் ரூம்ல சார் போன்ல பேசுனத ஜீப்புல வந்து சொல்லாத, அங்க பேர் வாங்கணும்னு ஆசை வரும், வேண்டாம்.

சாக்கு விஷயம்தான் எனக்கு வயித்தெரிச்சல். உரச்சாக்கு ஒண்ணு 100 கிராம் சொச்சம் வரும், அதுக்கு 1 கிலோ கழிச்சா மிச்சம் யாரோடது? ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு சாக்குன்னாலும் வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல பச்சைக்காய் போகுது, காய உலத்துற ஸ்டோர்ல காஞ்சு வர்றப்போ 5 கிலோ பச்சை கிட்டத்தட்ட 1 கிலோ ஆகும், அப்போ ஒரு பொம்பளைகிட்ட இருந்து வாரம் 1 கிலோ ஏலக்கா. சணல் சாக்கு மழையில நனைஞ்சா வேற கணக்குதான், அதான் சொல்றேன், வாயால கழிக்க வேண்டாம், நாளைக்கு சாயந்திரம் எல்லாரும் பாக்க வெறும் சாக்க தராசுல வை. நோட்டுல மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடைன்னு மூணு கட்டம் போடு. இது யாரையும் திருடன்னு சொல்றது இல்ல, கணக்கு எழுதுற முறை, கிளார்க்கால ஆட்சேபிக்க முடியாது. அப்பயும் 1 கிலோ கழின்னா, நீங்களே எழுதி நீங்களே கையெழுத்து போடுங்கண்ணேன்னு நோட்ட அவர்கிட்டயே நகர்த்திரு. நீ பாக்காத எடைக்கு உன் கையெழுத்து விழக்கூடாது. அன்னைக்கே மேனேஜர்கிட்ட நேரா சொல்லு, அவருக்கு இது தெரியாமலே நடக்கலாம். அவருக்கும் இதுல பங்குன்னா லேபர் ஆபீஸ் இருக்கு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் லீகல் மெட்ராலஜி, அதாவது எடை அளவு சரிபாக்குற அரசாங்க ஆபீஸ், சீல் வைக்கணும், அந்த சீல் இருக்கான்னும் ஒரு கண்ணு வை.

வேலை போனா போகட்டும்னு நான் எழுத மாட்டேன், உன் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியாது. அதனால ஒவ்வொண்ணா செய், தேதி போட்டு உன் சொந்த டைரில எழுதி வை. அந்தப் பொம்பளைங்களுக்கு நீ தலைவியாகவும் வேண்டாம். 2015 செப்டம்பர்ல மூணாறுல தேயிலை எடுக்குற நம்ம தமிழ்ப் பொம்பளைங்க போனஸ 10 சதவீதமா கொறச்சதுக்கு, யூனியன் தலைவருங்களையே தள்ளி வச்சுட்டு தாங்களே ரோட்டுல உக்காந்தாங்க, 9 நாள், கடைசியில கருணைத் தொகையோட சேத்து 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. அவங்களுக்குப் பேசத் தெரியும்மா. தராசு முள்ளு மாதிரி எண்ணு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதும், மிச்சத்த அவங்களே பேசிக்குவாங்க.

கேள்வி: கஞ்சிக்கோடுல ஒரு ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. சூப்பர்வைசர் மேல புகார் எழுதி எல்லாரும் கையெழுத்து வாங்குறாங்க. 7 பாயிண்ட்ல நான் கண்ணால பாத்தது 2-வதும் 5-வதும் மட்டும்தான். போடலைன்னா துரோகிங்கிறாங்க.
- வாளையார் வாசகர்

பதில்: தம்பி, கையெழுத்து போடுங்க, மேல ஒரு வரி எழுதிட்டுப் போடுங்க, "2-வது, 5-வது பாயிண்ட் ரெண்டும் நான் நேர்ல பாத்தது"ன்னு. விசாரணைக்குக் கூப்பிட்டா அந்த ரெண்டுக்கும் தைரியமா நிக்கலாம். மத்த அஞ்சையும் பாத்தவங்க யாருன்னு அதே பேப்பர்ல அவங்கவங்க எழுதட்டும்னு சொல்லிப் பாருங்க. அதுல ஏதாவது ஒண்ணுக்கு யாருமே பேர் எழுதலைன்னா, அந்தப் பாயிண்ட அடிச்சுட்டு அனுப்பச் சொல்லுங்க.