ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டயப்பர் புண், ஜிங்க் ஆக்சைடு கிரீம் போட்டும் ஆறவில்லை. என்ன செய்வது?

கிரீம் போட்டும் 3 நாளில் குறையவில்லை என்றால் முதலில் பூஞ்சைத் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் தொடை இடுக்கை விரித்துப் பாருங்கள். ஈரத்தால் வந்த புண் டயப்பர் உரசும் மேடான இடங்களில்தான் சிவந்திருக்கும். கேண்டிடா பூஞ்சை என்றால் மடிப்புக்குள்ளேயே கன்றிச் சிவந்திருக்கும். ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். அண்மையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதற்கு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு கிரீம் தேவை. குழந்தை மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். அதை மெல்லிதாகத் தடவிய பிறகு, மேலே ஜிங்க் ஆக்சைடைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மாற்றும்போது அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், பாவம், குழந்தைக்கு அதுதான் அதிகம் எரியும். மலம் பட்ட மேல்பூச்சை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். முடிந்த நேரமெல்லாம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சில் போகும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கூட்டு கிரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் தோல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். மருத்துவர் சொல்லாமல் தயவுசெய்து போடாதீர்கள். காய்ச்சல், சீழ், கொப்புளம் இருந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.