ஜப்பானின் குமானோ கோடோ யாத்திரைப் பாதையில் சைவம் சாப்பிடும் ஒரு பெண் தனியாக நடக்க முடியுமா?

முடியும். தாராளமாகப் போய் வாருங்கள். "அவ்வளவு தூரம் தனியாகவா?" என்ற பாட்டு உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு 43 வயது, மலையேறிப் பழக்கமில்லை, முட்டைகூடத் தொடமாட்டேன். போன நவம்பரில் தனியாகத்தான் நடந்துவிட்டு வந்தேன்.

முதலில் சாப்பாடு. மீனே இல்லை என்று சொல்லித் தரும் மிசோ சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கோயாசான் என்ற மலையூரின் பௌத்த மடங்களில் தங்கினால் துறவிகளின் சைவச் சமையல். அங்கே கிடைக்கும் எள் டோஃபுவுக்காகவே இன்னொரு முறை போகலாம். நடைபாதை விடுதிகளில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். "எல்லாம் சொல்லியாச்சு மேடம், சுத்த சைவம்" என்று இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் அதற்கென்று தனியாகப் பணம் வாங்கினார். முதல் இரவே தட்டில் முழு மீன் ஒன்று கண் திறந்து என்னைப் பார்த்தது. பணத்தைத் திருப்பிக் கேட்ட மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் பூங்கொத்துப் படத்தோடு 'குட் மார்னிங்' மட்டும் தவறுவதே இல்லை. சரி, அதை விடுங்கள்.

ஒசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பத்தில் இருக்கிறது இந்தப் பாதை. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நான் நடந்தது நகஹேச்சி வழி. தனபே ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் தகிஜிரி. அங்குள்ள சிறு கோயிலுக்குப் பின்னாலேயே ஏற்றம் ஆரம்பித்துவிடும். பல இடங்களில் மரவேர்கள்தான் படிக்கட்டு. ஹோங்கூ பெருங்கோயில் வரை 40 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, எனக்கு மூன்று நாள் ஆனது. பெரிய பையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பிவிடலாம். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். கணக்குப்படி இன்னும் ஒரு வாரம் இருந்தது. 13 வயதில், குலதெய்வக் கோயில் கொடைக்கு எல்லோரும் வேனில் கிளம்பிய அன்றும் இதே கதைதான். பக்கத்து வீட்டு ஆச்சி சோற்றுத் தட்டை எட்ட வைத்து, காலால் லேசாக என் பக்கம் நகர்த்தியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முப்பது வருடம் கழித்து, யாருக்கும் என்னைத் தெரியாத ஊரில், வேறொரு சாமியிடம் போகும்போதும் அதே தயக்கம். வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

கோயிலுக்கு ஒரு மணி நேர நடை இருக்கும்போது ஃபுஷியோகாமி வருகிறது. 'விழுந்து கும்பிடும் இடம்' என்று பொருள். மலைகளுக்கு நடுவே கோயில் இருக்கும் திசை முதலில் தெரிவது அங்கேதான். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இசுமி ஷிகிபு என்ற பெண் கவிஞர் இங்கே வந்து சேர்ந்ததும் மாதவிலக்காகிவிட, இவ்வளவு தூரம் வந்தும் கும்பிட முடியவில்லையே என்று ஒரு கவிதை எழுதினாராம். அன்றிரவு கனவில் குமானோ சாமி வந்து, அதெல்லாம் பரவாயில்லை, நீ வா என்றதாம். அங்கிருந்த பலகையில் போனை நீட்டி இதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போனேன். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்தேன். நடைபாதை கோயிலின் பின்பக்கமாக வந்து சேர்வதால், முன்வாசலின் 158 படிகளை நான் இறங்க மட்டும்தான் செய்தேன்.

கமெண்டில் சண்டைக்கு வருபவர்களுக்கு: ஜப்பான் உசத்தி, நம் ஊர் மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. அதே மலைத்தொடரில் சன்ஜோகதாகே என்ற 1,719 மீட்டர் மலைக்குப் பெண்களை இன்றும் விடுவதில்லை. கோயாசானிலும் 1872இல் அரசு தடையை நீக்கும்வரை பெண்கள் எல்லையிலிருந்த மண்டபங்களோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். வழக்கம் எங்கேயும் இருக்கிறது. என்னை வா என்ற ஒரு இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்புறம், பக்கத்து யுனோமினேயில் சுபோயு என்ற சின்ன வெந்நீர்க் குளியலறை உண்டு. ஆளுக்கு அரை மணி. நான் இறங்கவில்லை. அது தீட்டுக்காக இல்லை, அடுத்து வருபவர் குளிக்கும் தண்ணீர் என்பதற்காக. பதிலுக்கு ஊருக்கு நடுவே கொதிக்கும் ஊற்றில் வலைப்பை கட்டிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகவைத்து, உரிக்கப் பொறுமையில்லாமல் தோலோடு தின்றேன். நாப்கின் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள், காட்டுப் பாதையில் கடையை எதிர்பார்க்காதீர்கள்.