ரசீது, மருத்துவமனை பில், தேர்தல் விளம்பரம்: அமெரிக்க வாசகர் கேள்வி-பதில்

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். மளிகை பில் ஏன் இறங்கவில்லை?

ஏறும் வேகம்தான் குறைந்தது. 2022 ஜூனில் ஆண்டுப் பணவீக்கம் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3. அதாவது 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கியது மறுவருடம் 109.10 ஆகி, அதற்கடுத்த வருடம் சுமார் 112.40 ஆனது. வீட்டுக் கடன் வட்டி இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. 3 லட்சம் டாலர் கடனை 30 ஆண்டுக்கு 3 சதவீதத்தில் வாங்கியவர் மாதம் 1,265 டாலர் கட்டுகிறார். 7 சதவீதத்தில் வாங்கியவர் 1,996. பக்கத்து வீட்டுக்காரருக்கு உறைக்காத பாரம் உங்களுக்கு உறைப்பது இதனால்தான்.

அவசர சிகிச்சைக்கு 4,200 டாலர் பில். கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா?

கார்டைத் தொடாதீர்கள். கட்டிய மறுநொடி அது வெறும் கார்டு கடன். மருத்துவமனையோடு பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

முதலில் பில்லிங் அலுவலகத்தில் 'ஐட்டமைஸ்டு பில்' (ஒவ்வொரு சேவைக்கும் தனி வரி போட்ட பில்) கேளுங்கள், சிபிடி குறியீடுகளோடு (ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்). காப்பீட்டு நிறுவனம் தன் பங்கு எவ்வளவு என்று விளக்கி அனுப்பும் இஓபி தாளில் நீங்கள் தரவேண்டிய தொகை என்று ஒரு வரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குறியீடு இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இஓபி வரும்வரை காசு கட்ட வேண்டாம்.

உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத, அதாவது நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையா? 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, காப்பீடு உள்ளவரிடம் அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க்கில் ஆகும் பங்குக்கு மேல் கேட்கக்கூடாது. சாலை ஆம்புலன்ஸ் மட்டும் இதில் அடங்காது. அந்த பில் தனியே வந்து நிற்கும்.

லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். முதல் பில் வந்த நாளிலிருந்து குறைந்தது 240 நாள் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் நகல் கேட்பார்கள். வசூல் ஏஜென்சிக்குப் போன பில்லாக இருந்தாலும், இந்தக் கெடுவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் வழக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தாக வேண்டும். கவுன்டரில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள்.

வேட்பாளர் விளம்பரத்தில் பச்சைப் பொய். உள்ளூர் சேனல் அதை எப்படிப் போடுகிறது?

1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, வேட்பாளரின் சொந்த விளம்பரத்தில் கைவைக்க ஒளிபரப்பு நிலையத்துக்கு அனுமதி தரவில்லை. சூப்பர் பேக் (வேட்பாளரைச் சாராமல் தேர்தலுக்குச் செலவிடும் குழு) போன்ற வெளி அமைப்பின் விளம்பரத்தை மறுக்கலாம். போட்டால் அவதூறு வழக்கு அபாயமும் உண்டு. ஆக, புகார் செய்யுமுன் பணம் கட்டியது யார் என்ற வரியைப் படியுங்கள். எந்த நேரத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஒளிபரப்பை மேற்பார்க்கும் அரசு அமைப்பான எஃப்சிசியின் தளத்தில், அந்த நிலையத்தின் 'பப்ளிக் ஃபைல்' பகுதியில் இருக்கும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். நன்கொடை கேட்டு ஓயாமல் குறுஞ்செய்தி. 25 டாலர் அனுப்பலாமா?

கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் உள்ளூர்த் தேர்தலுக்குக்கூடத் தரக்கூடாது. விற்பனை அழைப்பு வேண்டாம் என்று பதியும் 'டூ நாட் கால்' பட்டியல் அரசியல் அழைப்புகளைத் தடுக்காது. 'ஸ்டாப்' என்று பதில் போடுங்கள். அடங்காவிட்டால் அந்தச் செய்தியை ஸ்பேம் புகார் எண்ணான 7726க்கு அனுப்புங்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தரப்போகிறார் என்றால், 'மாதந்தோறும்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.