கல்லாவில் உட்காரும் மகன் ‘வேலையில் உள்ளவரா’?

கேள்வி: எங்களுக்குச் சிறிய மளிகைக் கடை. பி.இ. முடித்த மகன் ஒரு வருடமாக வேலை தேடுகிறான். மாலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருவான்; சம்பளம் கிடையாது. போன மாதம் பிஎல்எஃப்எஸ் என்ற அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் ‘பையனுக்கு வேலை இல்லை’ என்றேன். கடையைப் பற்றி விசாரித்துவிட்டு, வேலையில் இருப்பதாக எழுதிக்கொண்டார். சரியா?

பதில்: விதிப்படி சரிதான்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு, ஒரே ஆளை இரண்டு கோல்களால் அளக்கிறது. முதலாவது, வாரக் கணக்கு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். மற்ற நேரமெல்லாம் வேலை தேடி அலைந்திருந்தாலும், செய்த வேலைக்குத்தான் முன்னுரிமை. சம்பளமில்லாமல் குடும்பக் கடையில் உதவுவதும் வேலையே. அதற்கென்றே 21 என்ற குறியீடு இருக்கிறது.

இரண்டாவது, 365 நாள் கணக்கு. வருடத்தின் பெரும்பகுதி வேலை தேடியே கழிந்திருந்தால், முதன்மை நிலையில் உங்கள் மகன் வேலையற்றவர், குறியீடு 81. ஆனால் 30 நாளோ அதற்கு மேலோ செய்த சிறு வேலை ‘துணை நிலை’யாகப் பதிவாகும். செய்திகளில் வரும் ஆண்டு விகிதம் இரண்டு நிலையையும் சேர்த்தது. ஆகவே அங்கேயும் அவர் வேலையில் உள்ளவர் பக்கம் போய்விடுவார்.

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே வேலையின்மை ஆண்டு முறையில் 3.2 சதவீதம், வார முறையில் 4.9 சதவீதம். வருடத்தில் பல மாதம் கூலிக்குப் போகிறவருக்கும் அந்த ஒரு வாரம் வேலை கிடைக்காமல் போகலாம். வித்தியாசத்துக்கு அது முக்கியக் காரணம். மாதந்தோறும் வெளியாகும் எண்களில் முதலாவதான, 2025 ஏப்ரலுக்குரிய 5.1 சதவீதம் வார முறையில் எடுத்தது. ‘3.2 இப்போது 5.1 ஆகிவிட்டது’ என்பது முழக்கோல் கணக்கையும் கஜக்கோல் கணக்கையும் ஒப்பிடுவது.

ஒரு மணி நேர வரம்பு நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறை. அந்த வேலை பிழைப்புக்குப் போதுமா என்பதை அது சொல்லாது. அதைக் காட்டுவது படிவத்தின் வேறு பகுதி: ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை, கூடுதலாக எத்தனை மணி நேரத்துக்குத் தயார். பலர் அதற்கு ஏனோதானோவென்று பதில் சொல்லிவிடுகிறார்கள்.

2025 முதல் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் வருகிறார்கள் என்பதால் உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கும். மகனையே பேசச் சொல்லுங்கள். ‘தினம் இரண்டு மணி நேரம், இன்னும் ஆறு மணி நேரம் செய்யத் தயார்’ என்று எண்ணாகச் சொல்லட்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு வேலை தேடியதற்கு அடையாளமாகும். ஆனால் கடையில் உட்கார்ந்த வாரத்தில் அது மட்டுமே அவரை வேலையற்றவர் ஆக்காது.

வீட்டுக்காக ஒருவரே பதில் சொல்லும்போது அதிகம் தவறுவது பெண்கள் கணக்கில்தான். காலையில் கடை திறப்பதும், சொசைட்டிக்குப் பால் ஊற்றும் மாட்டைப் பார்ப்பதும் உங்கள் மனைவி என்றால், ‘வீட்டில் சும்மாதான் இருக்காங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் குறியீடு 92 விழும். வேலை செய்பவரிலும் இல்லை, வேலையற்றவரிலும் இல்லை.