பாய்மரப் படகில் ஏணி: அரைத் துளையை நம்பாதீர்கள்

கேள்வி: என்னுடைய 28 அடி ஃபைபர் பாய்மரப் படகின் பின்பக்கம், தண்ணீரிலிருந்து ஏறிவர மடக்கு ஏணி மாட்ட வேண்டும். மூன்று படி ஏணி ஒன்று வாங்கிவிட்டேன். "சுவரை முழுக்கத் துளைத்தால் தண்ணீர் உள்ளே வரும், ஸ்க்ரூவும் சிலிக்கானும் போதும், ஒரு மணி நேர வேலை" என்கிறார் பொருத்த வந்தவர். சரிதானா?

பதில்: சரியில்லை. அவரை ட்ரில்லைக் கையில் எடுக்கவே விடாதீர்கள். உங்கள் பயத்தைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான்.

படகின் பின்சுவரை டிரான்சம் என்பார்கள். பல படகுகளில் அது ஒரே கட்டி இல்லை. வெளியே ஃபைபர் தோல், உள்ளே ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். ஸ்க்ரூ வெளித்தோலைக் கடந்து மரத்திலேயே நின்றுவிடும். ஏணி ஆட ஆட ஸ்க்ரூவும் ஆடும். இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும் நாளில்தான் உங்களுக்கு விஷயம் தெரியும், அதற்குள் சுவரில் பாதி போயிருக்கும். முழுத் துளை கசிந்தால் உள் அறையில் ஈரம் தெரியும். அரைத் துளை கசிந்தால் எங்கேயும் தெரியாது.

பாரத்தையும் யோசியுங்கள். ஏணியில் ஏறுகிறவர் பின்னால் சாய்ந்துதான் ஏறுவார். அப்போது ஏணியின் கீழ்க் கால்கள் சுவரை உள்ளே அழுத்தும், மேல் பிடிகள் வெளியே இழுபடும். ஓரிரு மரை மட்டும் ஃபைபரைக் கவ்விக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ இந்த இழுப்பைத் தாங்காது. ஏணிப் பெட்டிக்குள்ளேயே ஸ்க்ரூ பொட்டலம் வைத்து விற்கிறார்களே, பாதித் தொல்லைக்கு அதுதான் மூலம்.

வேண்டியது 8 மி.மீ. தடிமனில், 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். உள்ளே நைலாக் நட் (தானாகக் கழலாதபடி நைலான் வளையம் வைத்தது), அதற்கடியில் பெரிய வாஷர், அதற்கும் அடியில் 6 மி.மீ. தடிமனுள்ள ஜி-10 பலகை, அதாவது கண்ணாடி இழையை எபாக்சிப் பிசினில் இறுக்கிச் செய்தது. பலகை ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெளியே 5 செ.மீ.யாவது நீள வேண்டும், மூலைகளை உருட்டிவிடுங்கள். அங்கே பிளைவுட் துண்டு போடுகிறவர்கள் உண்டு, அது மக்கும். அலுமினியத் தகடு போட்டால், உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்ந்து அரித்துப்போகும்.

துளை போடும் முன் உள்ளே போய்ப் பாருங்கள்: ஸ்டீயரிங் கம்பி, எரிபொருள் தொட்டி, எக்ஸாஸ்ட் குழாய் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டர் அறையின் சுவரில் துளை போடவே கூடாது. வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறியிட்டு, ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் மேலுள்ள பளபளப்புப் பூச்சைக் கடக்கும்வரை ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுற்ற விடுங்கள், ஓரம் தெறிக்காது.

நடுவில் மரம் இருந்தால், முதலில் 8 மி.மீ. துளை. பிறகு உள்பக்கத்திலிருந்து 16 மி.மீ. பிட்டால் உள்தோலையும் மரத்தையும் அகலப்படுத்தி, வெளித்தோலை மட்டும் விட்டுவிடுங்கள். வெளியே டேப் ஒட்டி மூடி, மரத்தின் ஓரங்களில் வெறும் எபாக்சியைத் தடவி ஊறவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்த எபாக்சியை ஊசிக்குழாயால் அடியிலிருந்து நிரப்புங்கள். மறுநாள் இறுகியதும் அதன் நடுவே 8.5 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கிறது. கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இதற்கு இரண்டு நாள் ஆகும். ஒரு மணி நேர வேலை என்றவர் விழுங்கிய பகுதி இதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுவர் முழுக்க ஃபைபராகவே இருந்தால் இந்த எபாக்சி வேலை தேவையில்லை. ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? தட்டிப் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். விற்றவர் சொன்னதையும் நம்பாதீர்கள். பிட்டில் வரும் தூளைப் பாருங்கள்: வெள்ளைத் தூள் மட்டுமே வந்தால் ஃபைபர், சீவல் வந்தால் மரம், சீவல் ஈரமாக வந்தால் ஏற்கனவே மக்கத் தொடங்கிவிட்டது, வேலையை நிறுத்துங்கள். ஒரு துளையில் வெள்ளைத் தூள் வந்தது என்பதற்காக மற்றவையும் அப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள். மூலைகளில் ஃபைபர் மட்டும் இருக்கலாம். வெளிப்புற மோட்டார் மாட்டும் இடத்தில் பிளைவுட்டைப் பதித்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவைத் தடுக்க பியூட்டைல் டேப் நல்லது, அது பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. துளையின் வெளிவிளிம்பைக் கவுன்டர்சிங்க் பிட்டால் (கூம்பு வடிவ பிட்) லேசாகச் சரித்துவிட்டால் டேப் அதில் அமர்ந்து வளையமாகும். இறுக்கும்போது வெளியே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள். டேப் மெல்லப் பிதுங்கட்டும், இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாமல் மெஷினால் முடுக்கினால் ஸ்டெயின்லெஸ் நட் போல்ட்டோடு கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நட் பக்கம் சீலன்ட் பூசாதீர்கள். வெளியே டேப் விட்டுப்போனால் உள்ளே சொட்டுவது உங்கள் கண்ணில் பட வேண்டும். சிலிக்கான் வேண்டவே வேண்டாம்: அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. நிரந்தரப் பசை போன்ற பாலியூரிதேனும் வேண்டாம். ஒருநாள் ஏணியைக் கழற்றும்போது ஜெல்கோட்டும் கூடவே வரும்.

உள்ளே கை எட்டவில்லை என்பார்கள். எட்டவில்லை என்றால் உள் தடுப்பில் ஒரு வட்டத் திறப்பு வெட்டி மூடி போடுங்கள். அதற்காக ஸ்க்ரூவுக்குத் திரும்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்த மூன்று படி ஏணி. விரித்தால் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 56 செ.மீ. இருக்க வேண்டும். படகைத் தண்ணீரில் வைத்தே அளந்து பாருங்கள். ஒரு படிதான் நனைகிறது என்றால் கால் படகுக்கு அடியில் நழுவும், உடல் பாரம் முழுவதும் கையில் தொங்கும். களைத்துப்போனவரால் ஏற முடியாது. நான்கு அல்லது ஐந்து படி ஏணியாக மாற்றி வாங்குங்கள். தண்ணீரில் விழுந்தவர் மேலே யாருடைய உதவியும் இல்லாமல் ஏணியைத் தானே இறக்க முடிய வேண்டும், ஐ.எஸ்.ஓ. 15085 தரவிதி இதைத்தான் பேசுகிறது. உயிர் காக்கும் அந்த விதியைப் படகுக்காரர் காசு கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏணி அட்டையிலோ நீருக்குள் எவ்வளவு இறங்கும் என்று ஒரு வரி கிடையாது. மடக்கிய ஏணியின் கொக்கியில் ஒரு கயிறு கட்டி, நீரிலிருந்து கைக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். இழுத்தால் கொக்கி விடுபட்டு ஏணி விழ வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கனமான ஒருவர் கடைசிப் படியில் நின்று பின்னால் சாயட்டும். நீங்கள் உள்ளே பலகையைப் பாருங்கள். வளைந்தாலோ முனகினாலோ பலகை சிறியது. பின்னாளில் பிடியின் அடியில் பழுப்புக் கறை வடிந்தால் அங்கே தண்ணீர் தேங்கி போல்ட்டை அரிக்கிறது. இறுக்கிப் பார்க்காதீர்கள். கழற்றிப் புது போல்ட் போட்டு, பியூட்டைலையும் புதிதாக வையுங்கள்.