"ஃபைனல்_2_புதுசு" எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

கேள்வி: 14 பேர் கொண்ட அணியை நடத்துகிறேன். எங்கள் ஃபைல்கள் மின்னஞ்சலில் பாதி, பொது டிரைவில் பாதி, வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. நிறுவனத்தில் ஷேர்பாயிண்ட் (ஃபைல்களைச் சேர்த்து வைத்துப் பகிர்வதற்கான மைக்ரோசாஃப்ட் சேவை) இருப்பதால் அதில் அணிக்கென்று ஒரு தளம் உருவாக்கச் சொல்லியிருக்கிறார் மேலாளர். முகப்பில் நோக்க வாசகம், அணியினர் படங்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு துணைத்தளம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். சரியாகத்தான் போகிறேனா? ஃபோல்டர் வைக்கலாமா? யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது?

பதில்: வரைந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முகப்பு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை, அணிக்குள் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைப் பிடிப்பது. கடந்த இரண்டு வார மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் குழுவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். "லேட்டஸ்ட் விலைப்பட்டியல் யார்கிட்ட இருக்கு?", "போன மீட்டிங்ல என்ன முடிவு பண்ணோம்?", "இந்த கிளையண்ட்டை இப்ப யார் பாக்கிறாங்க?" என்றெல்லாம் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள். அதே கேள்வி மறுபடி வந்தால் அதே சீட்டில் ஒரு கோடு போடுங்கள். சீட்டுகள் நிறையச் சேரும், ஆனால் ஏழெட்டில்தான் கோடுகள் குவிந்திருக்கும். அந்த ஏழெட்டுக்குப் பதில் சொல்லத்தான் தளம். மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு சீட்டுகளை நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, எது எதோடு சேரும், அந்தக் கட்டுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கேளுங்கள். கார்டு சார்ட்டிங் என்று இதைச் சொல்வார்கள். மெனுவுக்கான பெயர்கள் இங்கேதான் கிடைக்கும். நீங்கள் 'வள மையம்' என்று யோசித்திருப்பீர்கள், அவர்கள் 'டெம்ப்ளேட்' என்பார்கள். டெம்ப்ளேட் என்றே வைத்துவிடுங்கள்.

பிரிவுக்கு ஒரு துணைத்தளம் என்பதை மட்டும் கைவிடச் சொல்வேன். ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், உள்ளே யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பின் அச்சாகவே அது வந்து நிற்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். நீங்கள் வரைந்திருப்பதும் அதுதான். பிரிவுகள் அடுத்த ஆண்டு மாறும், ஒருவர் இரண்டு பிரிவில் இருப்பார், தேடுகிறவருக்கோ அந்த ஃபைல் எந்தப் பிரிவின் சொத்து என்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட்டும் இப்போது துணைத்தளங்களைப் பரிந்துரைப்பதில்லை; தனித்தனித் தளங்களை வைத்து, அவற்றை ஒன்றாகக் கோக்கும் ஹப் என்ற பொதுத் தளம் மூலம் இணைக்கச் சொல்கிறது. 14 பேருக்கு அந்த ஹப்கூடத் தேவையில்லை, ஒரே தளம் போதும்.

அதையும் புதிதாக உருவாக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அணிக்குள் பேசவும் மீட்டிங் நடத்தவும் மைக்ரோசாஃப்ட்டின் டீம்ஸ் செயலியைப் பயன்படுத்துகிறீர்களா? ஆம் என்றால் தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு டீமுக்கும் பின்னால் ஒரு ஷேர்பாயிண்ட் தளம் தானாகவே உருவாகும். அதில் சாதாரண சேனல் (டீமுக்குள் இருக்கும் பேச்சுப் பகுதி) ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டர், பிரைவேட் சேனலுக்கும் ஷேர்டு சேனலுக்கும் மட்டும் தனித் தளம். இது தெரியாமல் இரண்டாவதாக ஒன்றை உருவாக்கி, இரண்டிலும் பாதிப் பாதி ஃபைல் போட்டுத் தவிக்கும் அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஃபோல்டர் விவகாரம். சண்டை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ஒப்பந்த வரைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'ஆண்டு', அதற்குள் 'கிளையண்ட்' என்று ஃபோல்டர் போடுவார். இன்னொருவர் 'கிளையண்ட்', அதற்குள் 'ஆண்டு' என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் ஃபைல் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே லைப்ரரியில் (தளத்துக்குள் ஃபைல்கள் இருக்கும் பட்டியல்) போட்டு கிளையண்ட், ஆண்டு, நிலை என்று மூன்று நெடுவரிசைகள் சேர்த்தால் இந்தச் சண்டையே இல்லை. அவரவர் தமக்கு வேண்டியபடி வடிகட்டிப் பார்க்கலாம். 'நிலை' என்பதை டிராப்டவுனாக வையுங்கள்: வரைவு, பார்வையில், ஒப்புதல் ஆனது. தட்டச்சு செய்யவிட்டால் 'ஓகே', 'ஓ.கே.', 'முடிந்தது' என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நான்கு நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள். ஏழு கட்டம் நிரப்பச் சொன்னால் எல்லோரும் முதல் விருப்பத்தையே தட்டிவிட்டுப் போவார்கள்.

அதற்காக ஃபோல்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபைல்களைத் தங்கள் கணினியோடு சிங்க் செய்து (தானாகப் பிரதி எடுத்து) வேலை பார்ப்பவர்களுக்கு நெடுவரிசை கண்ணில் படாது, ஃபோல்டர்தான் தெரியும். இரண்டு அடுக்கு வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆழமாகப் போனால் வேறு சிக்கலும் உண்டு: ஷேர்பாயிண்டில் ஃபைலின் பெயரும் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஒரு லைப்ரரி லட்சக்கணக்கான ஃபைல்களைத் தாங்கும், ஆனால் 5,000-க்கு மேல் போனால் சில வடிகட்டல்கள் வேலை செய்ய மறுக்கும். வடிகட்டப் பயன்படும் நெடுவரிசைகளுக்கு முதல் நாளே இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறிப்பு) போட்டுவிடுங்கள்.

ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லுக்கே தடை போடுங்கள். 'ரிப்போர்ட்_ஃபைனல்', 'ரிப்போர்ட்_ஃபைனல்_2', 'ரிப்போர்ட்_ஃபைனல்_2_புதுசு' என மூன்று ஃபைல்கள் வரிசையாக நிற்கும்போது எழுதியவருக்கே எது சரியானது என்று தெரியாது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே போனால் பழைய வடிவங்கள் வெர்ஷன் ஹிஸ்டரியில் தாமாகச் சேரும், வேண்டியதை மீட்டுக்கொள்ளலாம். தேதி போட வேண்டியவற்றுக்கு 2025-03-07 என்று ஆண்டை முன்னால் எழுதினால் வரிசை குலையாது.

அனுமதிக்கு ஷேர்பாயிண்ட் தரும் மூன்று குழுக்களே போதும்: உரிமையாளர், உறுப்பினர், பார்வையாளர். உரிமையாளர் இரண்டு பேராவது இருக்கட்டும், ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கக்கூடாது. மற்றவர்கள் அனைவரையும் உறுப்பினராக்கி, திருத்தும் உரிமையைக் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற துணிச்சலான ஏற்பாட்டோடுதான் 1995-இல் புரோகிராமர் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியை (பலரும் சேர்ந்து எழுதும் இணையதளம்) திறந்தார். அழிந்தால் என்ன செய்வது என்று பயம் வேண்டாம், நீக்கிய ஃபைல் 93 நாள் மறுசுழற்சித் தொட்டியில் இருக்கும். தனித்தனி ஃபைலுக்குத் தனித்தனி அனுமதி என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கு எது தெரிகிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. சம்பளம், பணி மதிப்பீடு போன்றவற்றை இந்தத் தளத்தில் வைக்கவே வேண்டாம், அவற்றுக்கு வேறு தளம்.

ஒருவருடைய ஒன்டிரைவில் (அவருக்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் தனிச் சேமிப்பிடம்) இருந்துகொண்டு அணி முழுக்கப் பயன்படுத்தும் ஃபைல்கள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். அவர் வேலையை விட்டுப் போய் கணக்கு நீக்கப்பட்டால், செட்டிங்கை யாரும் மாற்றியிருக்காவிட்டால் 30 நாளில் அந்த ஒன்டிரைவும் நீங்கிவிடும்.

சரி, இப்போது முகப்பு. மேலே தேடல் பெட்டி, அந்த ஏழெட்டுக் கேள்விகளுக்கான லிங்குகள், யார் எதைக் கவனிக்கிறார்கள் என்ற சின்னப் பட்டியல், இந்த வாரச் செய்தி ஒன்று. நோக்க வாசகத்தை முதல் நாள் எல்லோரும் படிப்பார்கள், இரண்டாம் நாள் தாண்டிப் போவார்கள். மேலாளர் வற்புறுத்தினால் அடியில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறப்பதற்கு முன்னால், தளத்தைக் கட்டுவதில் பங்கெடுக்காத ஒருவரை உட்காரவைத்து, "போன மாத மீட்டிங் முடிவுகளைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். அவர் முதலில் எங்கே கிளிக் செய்கிறார் என்று குறித்துக்கொண்டு, அங்கே ஒரு லிங்க் போடுங்கள்.

பழைய டிரைவை மொத்தமாக அள்ளிக் கொட்டாதீர்கள். நடப்பு வேலைக்கு வேண்டியதை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு தேதி குறித்து, அன்று முதல் பழைய டிரைவைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். இந்தப் பூட்டைப் போடாத ஓர் அணியை எனக்குத் தெரியும். தளம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அணித்தலைவரே அட்டாச்மெண்ட் அனுப்பிக்கொண்டிருந்தார், மூன்றே மாதத்தில் அதை யாரும் திறப்பதில்லை. உங்களிடம் யாராவது ஃபைல் கேட்டால், ஃபைலை அனுப்பாமல் லிங்கை அனுப்புங்கள். பூட்டும் நாளாக வெள்ளிக்கிழமையை மட்டும் வைக்காதீர்கள். அன்று மாலை ஏதாவது ஃபைல் திறக்கவில்லை என்றால் உங்களுக்குத்தான் போன் வரும்.